திருத்தணியில் வீட்டு விற்பனை ஆயத்தம்

வீட்டு விற்பனை ஆயத்தம் என்பது, ஒரு வீட்டைக் கிரயம் செய்து கொடுக்கும் முன்னர் அதன் ஆவணங்களையும் கட்டடத்தையும் ஒழுங்குபடுத்தும் பணியாகும். மேலைநாடுகளில் இது பெரும்பாலும் வண்ணம் பூசுதல், அறைகலன்களை அழகுற அமைத்தல் ஆகியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இதன் பெரும்பகுதி ஆவணம் சார்ந்தது. ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள திருத்தணியில் இப்பணி கூடுதல் கவனத்தை வேண்டுவதாகும்.

எல்லை மாற்றமும் பழைய பத்திரங்களும்

திருத்தணிப் பகுதி முன்னர் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1911 இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், 1953 இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்து, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

ஆகவே ஒரே வீட்டின் பத்திரத் தொடரில் மூன்று மாவட்டப் பெயர்கள் வருதல் இயல்பு. 1960 க்கு முற்பட்ட தாய்ப்பத்திரம் தெலுங்கில் இருக்கவும் கூடும். அத்தகையதைத் தமிழில் பெயர்த்து, செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை விவரத்தை இன்றைய பட்டாவுடன் ஒப்பிடுதல் வேண்டும். (செக்குபந்தி என்னும் சொல் தெலுங்குப் பத்திரங்களிலும் வழங்குவதே.) பெயரிலும் சிக்கல் எழும். தெலுங்கு வழக்கில் குடும்பப் பெயரும், தமிழ் வழக்கில் தந்தையின் பெயரெழுத்தும் முன்னே வருவதால், ஒருவரே இரு பத்திரங்களில் இருவர் போலத் தோன்றுவார். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கான சான்றை விற்பவர் முன்னதாகவே பெற்று வைப்பது நலம்.

வில்லங்கச் சான்று, பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகளுக்கே இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்திற்கு அலுவலகத்தில் மனுச் செய்து தேட வேண்டும்.

வாரிசுகளின் கையொப்பம்

விற்பனைகள் தடைப்படும் இடம் பெரும்பாலும் இதுவே. உயில் எழுதாது இறந்த இந்துத் தந்தையின் சுயார்ச்சித வீட்டில், மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கு 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989 இலும், நடுவணரசு 2005 இலும் மகளிருக்கு உரிமை அளித்தன. திருமணத்தில் சீர் செய்தாயிற்று என்னும் வாதம் சட்டத்தின்முன் நில்லாது. மகள் கிரயப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். அல்லது தம் பங்கைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். நகரி, புத்தூர் போன்ற ஆந்திர ஊர்களில் மணமாகி வாழ்பவர், தம் பகுதிச் சார்பதிவாளர் உறுதி செய்த அதிகார ஆவணம் வாயிலாகவும் இதனைச் செய்யலாம். இவ்வொப்பம் இன்றி வாங்கியவர் பின்னாளில் பாகப்பிரிவினை வழக்கைச் சந்திக்க நேரிடும்.

கோயில் மனைகள்

கோயில் நகரங்களில் மனை கோயிலுக்கும், அதன்மேலுள்ள கட்டடம் குடியிருப்பவருக்கும் உரியதாக இருப்பதுண்டு. திருத்தணி முருகனின் ஐந்தாம் படைவீடாதலால் இங்கும் இதனை நோக்குதல் வேண்டும். 1959 ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34 ஆம் பிரிவின்படி, உரிய ஒப்புதலின்றிக் கோயில் மனையை விற்பது செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழ்நாட்டில் 2016 இல் நடைமுறைக்கு வந்தபின், அத்தகைய பத்திரத்தைப் பதிவு செய்யச் சார்பதிவாளர் மறுக்கலாம்.

கட்டடம்

வெள்ளையடித்தல், ஒழுகும் தளத்தைச் செப்பனிடுதல், வீட்டு வரி, குடிநீர் வரி, மின்கட்டண நிலுவைகளைத் தீர்த்தல் ஆகியன வழமையான பணிகள். ஆயின் மழைக்கசிவை வண்ணத்தால் மறைத்தல் வேறு. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55 ஆம் பிரிவு, வாங்குபவர் இயல்பான கவனத்தால் அறியவியலாத பெருங்குறையை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவியாமை மோசடியாகக் கொள்ளப்படும். உரிமை மூலத்திலுள்ள குறைக்கும் இது பொருந்தும்.

ஆடி, மார்கழி மாதங்களில் கிரயம் செய்வதைப் பலர் தவிர்ப்பர். ஆடிக்கிருத்திகையின்போது ஊர் காவடிகளால் நிறைந்திருக்குமாதலால் வீடு பார்க்க வருவோரும் குறைவு. ஆவணங்களைத் திரட்ட அம்மாதம் ஏற்றது.