இந்திய அமைதி காக்கும் படை

1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கு இந்தியா அனுப்பிய படை. ஐ.நா. ஆணை இதற்கு இல்லை. இரு அரசுகளின் ஒப்புதல் மட்டுமே இருந்தது. தனி ஈழம் கேட்டு ஆயுதம் ஏந்தி நின்ற விடுதலைப் புலிகள் கையெழுத்திடவே இல்லை. சிக்கலின் வேர் அதுதான். போதாக்குறைக்கு, சேலம் மாவட்டத்தில் மேட்டூரை அடுத்த கொளத்தூர் உட்படத் தமிழகத்தின் சில இடங்களில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் புலிகளின் பயிற்சி முகாம்கள் நடந்திருந்தன.

புலிகளை ஆயுதங்களை ஒப்படைக்க வைக்கப் போன படை, அக்டோபரில் அவர்களுக்கு எதிரான ‘பவன்’ நடவடிக்கையாக யாழ்ப்பாணத்தைத் தாக்கியது. பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய வீரர்கள் பலர் சுற்றிவளைக்கப்பட்டு மாண்டனர். அதே மாதம் 21ஆம் தேதி, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் சுட்டுக் கொன்றனர். மாலையிட்டு வரவேற்ற தமிழர் மனம் முறிந்தது. 1989இல், ஜெயவர்த்தனாவுக்குப் பின் வந்த அதிபர் பிரேமதாசா படையை வெளியேறச் சொன்னதோடு, அதனுடன் மோதிய புலிகளுக்கு ரகசியமாக ஆயுதமும் கொடுத்தார்!

ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்தபின், 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையில் கடைசிப் பிரிவு கப்பலேறியது. சென்னையில் படையை வரவேற்க முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை.