மலையோடைகளில் ஒரு குடியேற்றம்

ஐரோப்பியர் தம் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டுசென்ற பயிர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கோப்பி, சிங்கோனா, தேயிலை, இறப்பர் என்பன இலங்கையின் மலைநாட்டையும் அதன் சமுதாய அமைப்பையும் எவ்வாறு மாற்றின என்பது பாடசாலை மாணவரும் அறிந்ததே. ஆயின் வணிக இலாபங் கருதாது, விளையாட்டின் பொருட்டே கொண்டுவரப்பட்ட ஒரு மீனின் வரலாறு அத்துணை கவனம் பெறவில்லை. ட்ரவுட் எனப்படும் அம்மீனின் கதை, ஆட்சியாளர் நிலத்தை மட்டுமன்றி ஓடும் நீரையும் தமது நாட்டு நீராக ஆக்க முயன்ற கதையாகும்.

இம்மீனைப் பிடிக்கும் முறை ஏனைய தூண்டில் முறைகளினின்றும் வேறுபட்டது. பொதுவாகத் தூண்டிலிற் கட்டிய ஈயக்குண்டோ இரையோ தன் பாரத்தால் நூலை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலிலோ இறகும் நூலும் கொண்டு முள்ளிற் கட்டப்பட்ட பொய் ஈக்குப் பாரமே இல்லை. பாரம் முழுவதும் நூலிலேயே உள்ளது. வளைந்து நிமிரும் கோலின் விசையால் அந்நூல் காற்றில் விரிந்து சென்று, நுனியிலுள்ள ஈயை நீரின்மேல் மெல்ல இறக்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நூல் பட்டினாற் பின்னப்பட்டது. மிதப்பதற்காகக் கொழுப்புத் தடவப்பட்டது. நாள் முடிவில் உலர்த்தாவிடின் உக்கிப் போனது. அதன் நுனியில் இணைக்கப்பட்ட மெல்லிய இழை பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்தெடுக்கப்பட்டதாகும். கோலுக்குரிய கிறீன்ஹார்ட் மரம் பிரித்தானிய கயானாவிலிருந்து வந்தது. பிளந்து ஒட்டிய கோல்களுக்குச் சீனத்து மூங்கில் பயன்பட்டது. ஆங்கிலக் கிராமத்து ஓடைக்கரையில் அமைதியாக நின்ற ஒருவரின் கையில் பேரரசின் வணிகப் பாதைகள் பலவும் ஒன்றுகூடியிருந்தன எனலாம்.

தென்னிந்தியாவும் இதற்கு விலக்கன்று. அங்குள்ள சாம்பல்நிறக் காட்டுச் சேவலின் கழுத்திறகில் மெழுகுத்துளி போன்ற பளபளப்பான புள்ளிகள் உண்டு. பொய் ஈ கட்டுவோர் அவற்றைப் பெரிதும் விரும்பினர். அதன் பொருட்டு அவ்விறகுகள் பெருந்தொகையாக ஏற்றுமதியாயின. பறவையினம் குறைந்து வருவதைக் கண்டு இந்தியா பிற்காலத்தில் அவ்வேற்றுமதியைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று.

இக்கலை தோற்றத்தில் உயர்குடியினருக்கு மட்டும் உரியதன்று. 1653இல் தூண்டில் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதிய ஐசாக் வால்ற்றன் இலண்டனில் வணிகம் செய்தவர். ஆயின் 1886இலும் 1889இலும் வெளிவந்த பிரெடரிக் ஹாஃபோர்டின் நூல்கள், நீரின்மேல் மிதக்கும் ஈயை மேனோக்கி எறிந்து, மேலெழும் மீனை மட்டுமே பிடிக்கவேண்டும் என்பதை ஏறத்தாழ ஓர் ஒழுக்க விதியாகவே ஆக்கின. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் ஆறுகளில், கரைகளைக் குத்தகைக்கு எடுத்த கனவான்களிடையே இவ்விதி ஓங்கியது. நீரினுள் அமிழும் ஈயும் முறையானதே என 1910இல் ஸ்கியூஸ் நூலெழுதி வாதிட்டார். அவ்வழக்கு 1938இலும் இலண்டனில் விவாதிக்கப்பட்டது என்பதிலிருந்து அதன் கடுமையை ஊகிக்கலாம்.

இத்தகைய விதிகளைச் சுமந்து வந்தோர்க்கு, அயன மண்டலத்து ஆறுகளில் விதியிருந்தது, மீன் இல்லை. மீனைக் கொண்டுவருதலோ எளிதன்று. தென்கோளத்துக்கு மீன் முட்டைகளை அனுப்பும் முயற்சிகள் 1850களிலிருந்து தோல்வியுற்றன. வெப்பமண்டலக் கடலைக் கடக்கையில் முட்டைகள் அழிந்தன. 1864இல் ‘நோர்ஃபோக்’ என்னும் கப்பலில், ஈரப்பாசியினிடையே முட்டைகளைப் பரப்பி, அப்பெட்டிகளைப் பனிக்கட்டிக்குள் வைத்து ஜேம்ஸ் யூல் அனுப்பிய முறையே வெற்றி தந்தது. குளிர் கருவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சமன் முட்டைகளோடு, ஏறத்தாழ மூவாயிரம் ட்ரவுட் முட்டைகள் இடைச்செருகலாகச் சேர்க்கப்பட்டிருந்தன. தஸ்மேனியாவில் அவற்றுட் சில நூறே பொரித்தன. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட சமன் கடலுக்குச் சென்று திரும்பவில்லை; இடைச்செருகலான ட்ரவுட்டே நிலைத்தது. 1867இல் அங்கிருந்து நியூசிலாந்துக்கு முட்டைகள் சென்றன.

இலங்கையில் இம்முயற்சி 1880களில் நடைபெற்றது. கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்து தேயிலை பரவிய காலம் அது. பூமத்திய கோட்டிலிருந்து ஏழு பாகை தூரமே உள்ள நாட்டில் குளிர்நீர் மீன் வாழ்வதாயின், அகலக்கோட்டின் குறையை உயரமே ஈடுசெய்தல் வேண்டும். நுவரெலியாவும் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரமுள்ள ஹோட்டன் சமவெளியும் அதற்கு இடந்தந்தன. முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் இயல்பாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே ஓடைகளில் தானாக இனம்பெருக்கியது. இம்மீன் ஐரோப்பாவுக்கு உரியதன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. இங்கிலாந்தை நினைவூட்டவென அமைத்த ஓடையில் வாழ்ந்தது அமெரிக்க மீன் என்பது சுவையான முரண்.

துரைமார் புதிய ஓடைகளைத் தேடி நடந்த பயணங்கள் கண்டுபிடிப்புகளாகவே எண்ணப்பட்டன. உண்மையில் அவ்வோடைகளுட் பல, பொரிப்பகத்துக் குஞ்சுகள் முன்னரே விடப்பட்டவை. குஞ்சுகளும் தண்ணீரும் நிறைந்த பாத்திரங்கள் மலையேறியது யாருடைய தலையிலும் தோளிலும் என்பதைத் தோட்ட நாட்டின் வரலாறு அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 1890களில் மீன்பிடிக் கழகமும் தோன்றியது. அதன் அனுமதிச்சீட்டுக்குரிய கட்டணம் துரைக்குச் சிறிது. அந்நீரோடையின் அருகே லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு எட்டாதது.

நீலகிரியின் நிகழ்வு இன்னும் தெளிவானது. அங்கு பிரான்சிஸ் டே 1860களில் மேற்கொண்ட முயற்சி பலிக்கவில்லை. ஆயினும் 1879இலேயே சென்னை அரசு நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தது 1907இல். அதன்பின் இலங்கையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த வானவில் ட்ரவுட் முட்டைகளே அங்கு நிலைபெற்றன. ட்ரவுட் நிலைபெறுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே, ஆற்றில் எவர் எவ்வாறு மீன் பிடிக்கலாம் என்பதை வரையறுக்கும் அதிகாரம் அங்கு நிலைபெற்றுவிட்டது.

நீருக்குள் நிகழ்ந்த குடியேற்றத்தின் விளைவுகள் பின்னரே உணரப்பட்டன. நியூசிலாந்திலும் தஸ்மேனியாவிலும் கலக்சியஸ் என்னும் சிறு உள்நாட்டு மீன்கள் பல ட்ரவுட் வாழும் ஓடைகளினின்றும் மறைந்தன. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளுக்கே உரிய நன்னீர் இறால் இனமொன்று உண்டு. உலகில் வேறெங்கும் அஃது இல்லை. 1988இல் தேசிய பூங்காவாகவும் 2010இல் உலக மரபுரிமைப் பகுதியின் ஓர் அங்கமாகவும் ஆக்கப்பட்ட அச்சமவெளியில், மகாவலி, களனி, வளவை ஆறுகளின் தலைநீர்கள் ஊற்றெடுக்கும் அவ்விடத்தில், துரைமார் விட்ட மீனின் வழித்தோன்றல்கள் இன்றும் அவ்விறாலுடன் ஒரே ஓடைகளில் வாழ்கின்றன.