கயானாவில் இனமும் கட்சிப்பற்றும்

தென்னமெரிக்கக் கயானாவின் கட்சிப் பிளவு இனப்பகையால் விளைந்தது என்பாருளர். யாம் அதனை முற்றும் உடன்படேம். 1953-இல் இந்திய வழியினரான ஜகனும் ஆப்பிரிக்க வழியினரான பர்ன்ஹாமும் மக்கள் முற்போக்குக் கட்சி என்னும் ஒரே சமவுடைமைக் கட்சியில் நின்று 24 இடங்களுள் 18 வென்றனர். 1955-இல் அது பிளவுண்ட ஞான்று, இந்தியராகிய லட்சுமன்சிங் பர்ன்ஹாமைச் சார்ந்தார்; ஆப்பிரிக்கராகிய சிட்னி கிங் ஜகனுடன் நின்றார். ஆயின் 1957-இல் வாக்காளர் பெரும்பாலும் இனவழியே பிரிந்தனர்: கரும்புத் தோட்டத்து இந்தியர் ஜகனையும், ஜார்ஜ்டவுன் நகரத்து ஆப்பிரிக்கர் பர்ன்ஹாமையும் பற்றினர். ஆங்கிலேயர் அகன்றபின் அரசு எவர் கைப்படும் என்னும் அச்சமே இதற்குக் காரணம் எனத் துணிகின்றோம். 1964-இல் பர்ன்ஹாம், வணிகர் சார்பான யுனைடெட் ஃபோர்ஸ் கட்சியோடு கூடி ஆட்சி கொண்டார். அக்கூட்டை அவர்தம் மக்கள் ஏற்றனர் என்பதற்கு 1968 தேர்தலைச் சான்றாகக் கொள்ளேம், அது முறைகேடுற்றது. 1975-இலோ, பர்ன்ஹாமின் நாட்டுடைமைப் போக்கிற்கு ஜகனே வரையறுத்த ஆதரவு நல்கினார். அப்பொழுதும் இரு கட்சிகளும் ஒன்றாகவில்லை.