விஜய்கட்: பேயில்லாத இடிபாடு

உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில், விந்திய மலைச்சரிவில் விஜய்கட் கோட்டை சிதைந்து கிடக்கிறது. இந்திப் புனைவுலகிலோ அது இளவரசி சந்திரகாந்தாவின் பிறந்தகம். 'சந்திரகாந்தா' நாவலை எழுதிய தேவகி நந்தன் கத்ரி (1861–1913), காசி மன்னரின் ஆளுகையில் இருந்த சக்கியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தவர். தொழில் நிமித்தம் அலைந்த காடுகளில் கண்ட பாழ்கோட்டைகளும் குகைகளுமே அவரது கதைக்களமாயின.

அவர் கையாண்ட 'திலிஸ்ம்' என்னும் கருத்து உருது தாஸ்தான் மரபிலிருந்து வந்தது. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் 1893 வரை வெளியிட்ட 'திலிஸ்மே ஹோஷ்ருபா' அதன் உச்சம். அங்கு திலிஸ்ம் என்பது மந்திரவாதிகள் கட்டியெழுப்பிய முழு உலகம். அதற்குப் பேரரசனும் நகரங்களும் படைகளும் உண்டு. அதன் வீழ்ச்சி முன்பே விதிக்கப்பட்டது. உரியவன் வந்து உரிய பலகையைக் கைப்பற்றினால் அது அழியும். மந்திரவாதி ஒருவன் மாயும்போது திசைகள் இருண்டு ஓலம் எழும். அவன் மாயமும் அவனோடு கலைந்துவிடும்.

கத்ரி இம்மரபின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு மந்திரத்தை உதறினார். 1888இல் வெளிவரத் தொடங்கிய அவரது நாவலில் திலிஸ்ம் என்பது பழைய அரசர்கள் தம் செல்வத்தைக் காக்க அமைத்த பொறிக்கூடம். இடிபாட்டில் நிற்கும் கல்கொக்கு ஆட்களை விழுங்குகிறது. கதை முடிவில் அதுவும் மனிதக் கைவேலை என்று விளக்கப்படுகிறது. பின்னர் எழுதிய தொடர்ச்சியில் பெயரிலேயே பூதத்தைச் சுமக்கும் பூத்நாத்தும் மனிதனே, அதுவும் குற்றவுணர்வில் புழுங்கும் மனிதன். ஊரார் பேய் உறைவதாக அஞ்சிய இடங்களில் கத்ரி கண்டது மறந்துபோன தொழில்நுட்பத்தை. இந்த நாவலைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றனர் என்று ராமச்சந்திர சுக்லர் தம் இலக்கிய வரலாற்றில் குறித்ததை அனைவரும் மேற்கோள் காட்டுவர். அக்கதையின் நிலம் எது என்று கேட்பவர் குறைவு.

அந்த நிலத்தில் உண்மையாகவே ஒரு புதையல் இருந்தது. 1781 ஆகஸ்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசி மன்னர் சேத் சிங்கைச் சிறைப்படுத்த முயன்றபோது நகரம் கிளர்ந்தெழுந்தது. ஹேஸ்டிங்ஸ் சுனார் கோட்டைக்குத் தப்பியோடினார். மன்னரின் கருவூலம் விஜய்கட்டில் இருந்தது. மேஜர் பாப்பம் அக்கோட்டையை முற்றுகையிட, மன்னரின் தாய் பன்னா நவம்பரில் அதை ஒப்படைத்தார். வெளியேறிய பெண்கள் உடன்படிக்கையை மீறிக் கொள்ளையிடப்பட்டனர். ஏறத்தாழ 23 இலட்சம் ரூபாயைப் படையினர் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். கம்பெனிக்கே அது போய்ச்சேரவில்லை. ஹேஸ்டிங்ஸ் பின்னர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிர்கொண்ட குற்றச்சாட்டுகளில் காசி விவகாரமும் ஒன்று.

சுனார், விஜய்கட் என அதே பெயர்கள் நூறாண்டு கழித்து நாவலில் திரும்புகின்றன. ஆனால் கதைக்குள் ஓர் ஆங்கிலேயரும் இல்லை. இதை வெறும் அரசியல் உருவகமாகச் சுருக்குவது மிகை. அய்யார்களின் மாறுவேடக் குறும்புகளுக்காகவே மக்கள் அதை விரும்பினர். எனினும் புதையலின் விதியை இங்கே கவனிக்க வேண்டும். கத்ரியின் திலிஸ்மில் படைபலம் பயன்படாது. யார் பெயருக்கு அது கட்டப்பட்டதோ அவர் மட்டுமே அதை உடைக்க முடியும். முதல் நாவலில் அவ்வாறு உடைப்பவன் நௌகட் இளவரசன் வீரேந்திர சிங். 'சந்திரகாந்தா சந்ததி'யில் அவன் மக்கள். பாப்பத்தின் படை நுழைந்த கோட்டைக்கு அத்தகைய பூட்டு இருக்கவில்லை.