ஐதீகப் போக்கிமான்

ஐதீகப் போக்கிமான் என்பது ஜப்பானில் உருவான போக்கிமான் விளையாட்டுகளில் வரும் வலிமை மிக்க உயிரிகளின் வகைப்பெயர். அந்தக் கற்பனை உலகின் பழங்கதைகளில் இவற்றுக்கு இடமுண்டு. தமிழ் இளையோர் பேச்சில் இது ‘லெஜண்டரி’தான். ஐதீகம் என்றாலே அபூர்வம் என்று பலரும் எண்ணுகிறார்கள். விளையாட்டின் கணக்கில் இரண்டும் வேறு வேறு.

1996 பிப்ரவரி 27இல் நின்டெண்டோவின் கேம்பாய் கருவிக்கு வெளிவந்த முதல் இரு பதிப்புகளான சிவப்பு, பச்சை ஆகியவற்றில் மொத்தம் 151 உயிரிகள். அந்த விளையாட்டை உருவாக்கிய சதோஷி தாஜிரி, தோக்கியோவை அடுத்த மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவன். வயலும் குட்டையும் வீடுகளாக மாறியதைக் கண்டவர், அந்தப் பூச்சிவேட்டையைத்தான் விளையாட்டாக்கினார். மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் உள்ளவர்களுக்குப் பூச்சிவேட்டையின் ஈர்ப்பை விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள திரிங்காப் ஊருக்குச் சற்றுத் தெற்கே, கியா ஃபார்மில் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையே இருக்கிறது. 1855இல் இயற்கையியலாளர் வாலஸ் பெயர் சூட்டிய ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியைக் காண வெளியூரார் அங்கே காசு கொடுத்து நுழைகிறார்கள். சேகரிப்பவன் கண்ணுக்கு அதுவும் ஒரு ‘லெஜண்டரி’.

முதல் பதிப்புகளில் ஆர்டிகுனோ, சாப்டோஸ், மோல்ட்ரெஸ் என்ற மூன்று பறவைகளும் மியூடூவும் ஐதீக வகையைச் சேர்ந்தவை. எளிதில் சிக்கும் உயிரிக்குப் பிடிபடும் எண் 255 என்றால் இவற்றுக்கு 3. ஆனாலும் இவை அபூர்வமானவை அல்ல. ஒவ்வொன்றும் குறித்த ஒரு குகையிலோ மின்நிலையத்திலோ ஆட்டக்காரருக்காகவே காத்து நிற்கும். விளையாடும் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று உண்டு. பிடிக்காமல் தவறி வீழ்த்திவிட்டால்தான் போச்சு. அதனால் குகைக்குள் நுழையும் முன் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளச் சொல்லாத அண்ணன்மார் இல்லை.

உண்மையான அபூர்வம் வேறு வழியாக வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், பிழைதிருத்தக் கருவிகளை நீக்கியதால் மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில், நிரலாளர் ஷிகேகி மொரிமோதோ மியூவைச் செருகி வைத்தார். முறையாக ஆடுபவர் கையில் அது சிக்காது. கோரோகோரோ இதழ் 1996இல் 20 பேருக்கு மியூவைத் தருவதாக அறிவித்தபோது ஏறத்தாழ 78,000 பேர் எழுதிப் போட்டார்கள். மூன்றாண்டு கழித்து வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகள் நிறம் மாறிய ‘ஷைனி’ வகையைக் கொண்டுவந்தன. எந்தச் சாதாரண உயிரியும் 8,192இல் ஒரு வாய்ப்பில் அப்படித் தோன்றலாம். 2013இல் அது 4,096இல் ஒன்றானது. ஷைனிக்குப் புராணமும் இல்லை, கோயிலும் இல்லை. வெறும் நிகழ்தகவுதான். ஆயினும் பள்ளி வாசலில் பேச்சு இதைப் பற்றியே இருக்கும்.

போக்கிமான் கோ இந்தக் கணக்கில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது: ஊர். கைப்பேசியுடன் நடந்து ஆடும் இவ்விளையாட்டு மலேசியாவுக்கு 2016 ஆகஸ்ட் 6இலும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அவ்வாண்டு டிசம்பரிலும் வந்தது. ஐதீக உயிரிகள் 2017 ஜூலையில், சிக்காகோவில் நடந்த போக்கிமான் கோ விழாவில் தலைகாட்டின.  ‘ரெய்டு’ எனும் கூட்டுத் தாக்குதலில் இவற்றை முதலில் வீழ்த்த வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம். அதன்பின் வெறுமனே எறியும் பந்தில் பிடிபடும் வாய்ப்பு, பெரும்பாலானவற்றுக்கு 2 விழுக்காடு. தனியாளால் ஆகிற காரியமல்ல. சிலைகள், சுவரோவியங்கள், வழிபாட்டிடங்கள் என ஆட்டக்காரர்கள் குறித்துக் கொடுத்த இடங்களே ரெய்டின் களங்கள் என்பதால் நகரத்தின் கை ஓங்கியது. தேயிலைச் சரிவும் பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறித் தோட்டமுமாக நீளும் கேமரன் மலையில், ஒரே நேரத்தில் ஆறேழு பேரைச் சேர்ப்பதே பாதி வேட்டை.

ஊர்க்கணக்கின் உச்சம் ஏரி மூவர். 2006இன் டைமண்ட், பேர்ல் பதிப்புகளில் அறிமுகமானவை இவை: அறிவுக்கு உக்ஸி, உணர்வுக்கு மெஸ்பிரிட், மனவுறுதிக்கு ஏசெல்ஃப். 2019இல் போக்கிமான் கோவுக்கு வந்தபோது உலகம் மூன்றாகப் பங்கு போடப்பட்டது. ஆசிய-பசிபிக்கிற்கு உக்ஸி; ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்காவோடு இந்தியாவுக்கு மெஸ்பிரிட்; அமெரிக்கக் கண்டங்களுக்கு ஏசெல்ஃப். ஆக, திரிங்காப் தமிழனுக்கு உக்ஸி, கோயம்புத்தூர்த் தமிழனுக்கு மெஸ்பிரிட். மூல ஆட்டத்தில் உக்ஸி தன் ஏரிக்குகையில் அசையாமல் கிடக்கும். மெஸ்பிரிட்டோ நெருங்கியதும் ஓடி நாடெல்லாம் சுற்றும். கடல் கடந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகளுக்கு உட்கார்ந்திருப்பதும், ஊரிலேயே இருந்தவர்களுக்கு ஓடுகாலியும் வாய்த்தது விளையாட்டு நிறுவனம் நினைத்துச் செய்ததாக இருக்காது.

இந்தப் பங்கீட்டை உடைத்தது 2020இன் பெருந்தொற்று. வீட்டிலிருந்தே கலந்துகொள்ளும் தொலைவு ரெய்டு சீட்டு அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது. தொலைவிலுள்ள நண்பரை அழைக்கும் வசதி சில மாதங்களில் சேர்ந்தது. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அழைத்தால் போதும், மலையில் மழைக்கு ஒதுங்கியபடியே மெஸ்பிரிட்டைப் பிடிக்கலாம். 2023 ஏப்ரலில் சீட்டு விலை உயர்ந்து, நாளுக்கு ஐந்து என்ற வரம்பும் வந்தபோது நகரத்தாரைவிட அதிகம் சலித்துக்கொள்ள மலைவாசிகளுக்கே காரணம் இருந்தது. அப்படிப் பிடித்த உயிரியின் விவரப் பக்கத்தில், பிடித்தவர் நின்ற ஊர் வராது. ரெய்டு நடந்த ஊரின் பெயர்தான் பதிவாகும்.