ஹந்தெஸ்ஸவின் மண்வெட்டி

பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் எம் இளைஞருக்குப் பரீட்சைத் தாளுக்கு விடை எழுதத் தெரிகிறது. ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பவோ, மாதச் சம்பளத்தை முப்பது நாளுக்குப் பங்கிட்டுச் செலவிடவோ தெரிவதில்லை எனப் பெரியோர் குறைப்படுகின்றனர். இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. இதனைத் தீர்க்க நம் கண்டிச் சீமையிலேயே முன்னர் முயன்றிருக்கின்றனர் என்பதை எம்மிற் பலர் அறியோம்.

அக்குறணையிலிருந்து கண்டிக்குச் சென்று, பேராதனையையும் கடந்து உடுநுவரைப் பக்கம் திரும்பினால் ஹந்தெஸ்ஸ என்னும் கிராமம் வரும். 1931இல் இலங்கையின் முதற் கல்வி மந்திரியான சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் காலத்தில், அப்பத்தாண்டின் தொடக்கத்திலேயே, கிராமக் கல்வித் திட்டம் இங்கு தொடங்கப்பெற்றது. 'ஹந்தெஸ்ஸத் திட்டம்' என்றே அது பெயர்பெற்றது. கமத்தொழில், கைப்பணி, சுகாதாரம் ஆகியவற்றை ஏட்டுக்கல்வியோடு இணைத்து, கிராமத்துப் பிள்ளையை அவன் வாழப்போகும் வாழ்வுக்கே ஆயத்தஞ் செய்வது அதன் நோக்கம். காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தது 1937இலேதான். நம் அயற்கிராமம் முந்திக்கொண்டது!

பின் ஏன் அது நிலைக்கவில்லை? ஆங்கிலம் படித்தவனுக்கு உத்தியோகம்; மண்வெட்டி பிடித்தவனுக்கு மண்வெட்டியே. நகரத்துக் கல்லூரிப் பிள்ளை தொடாத மண்வெட்டியைத் தம் பிள்ளை மாத்திரம் ஏன் தொடவேண்டும் என்று பெற்றோர் எண்ணியதில் தவறில்லை என்றே நாம் கருதுகிறோம். கண்டித் திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்த ஏ. ஜி. பிரேசர் பாதிரியார், மாணாக்கர் சிங்களமும் தமிழுங் கற்கவும் சமூக சேவையில் ஈடுபடவும் வழிசெய்தார். அங்கே இவை ஆங்கிலத்துக்கு மேலதிகமாகக் கிடைத்தன. ஹந்தெஸ்ஸவிலோ மண்வெட்டி ஆங்கிலத்துக்குப் பதிலாகக் கிடைத்தது. வேறுபாடு இதுவே.

1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், 1972இல் தொழில்முன்னிலைப் பாடங்கள் நாட்டின் பாடசாலைகளுக்குப் பொதுவாக வந்தன. 1977இல் ஆட்சி மாறிற்று, அத்திட்டமும் போயிற்று.

தோட்டத்துப் பிள்ளைகளின் கதை இதற்கு நேர் எதிரானது. 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்டத்துரை படிப்பு வசதி செய்யவேண்டுமென 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதன்பின் கொழுந்துக் கூடைதான். உழைக்கக் கற்பிக்க அவர்களுக்கு எத்திட்டமும் வேண்டியிருக்கவில்லை. செக்ரோலில் தம் பெயருக்கு நேரே எத்தனை நாள் வேலை எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்தறியும் எழுத்தறிவே வேண்டியிருந்தது. 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் வரை, இரண்டே ஆண்டுத் தவணை. இத்தனை காலம் இங்கு வசித்தோம் எனப் பத்திரங் காட்டி நிரூபிக்க வேண்டும். சட்டத்தின் கடுமை ஒருபுறமிருக்க, படிவத்தை வாசிக்க இயலாத தாய் தந்தையர் பிறர் கையை எதிர்பார்த்து நின்றனர். விண்ணப்பித்தோரிற் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டனர்.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்.