குமிழி அறை

குமிழி அறை என்பது மின்னூட்டம் கொண்ட துகள்கள் கடந்து சென்ற தடத்தை, திரவத்தில் எழும் நுண்குமிழிகளின் வரிசையாகக் காட்டும் கருவி. 1952இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிளேசர் இதை உருவாக்கினார். 1950களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உயர் ஆற்றல் இயற்பியலின் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாக விளங்கியது.

தோற்றம்

இதற்கு முன்னோடி சி. டி. ஆர். வில்சனின் முகில் அறை. 1911 முதல் துகள்களின் தடங்களைக் காட்டிய அந்தக் கருவியில்தான் 1932இல் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டறிந்தார். ஆனால் முகில் அறையை நிரப்பியிருந்தது வாயு. 1950களில் வந்த புதிய முடுக்கிகள் பாய்ச்சிய விரைவான துகள்களில் பெரும்பாலானவை, அடர்த்தி குறைந்த வாயுவில் எதன்மீதும் மோதாமல் வெளியேறிவிட்டன. மோதல் நிகழ அடர்த்தியான ஊடகம் தேவைப்பட்டது. கிளேசர் ஈதர் நிரப்பிய சிறு கண்ணாடிக் குமிழ்களில் சோதித்து, துகளின் வழியில் திரவம் கொதிப்பதைப் படம் பிடித்தார். 1960ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

செயல்படும் முறை

அழுத்தத்தில் வைத்த திரவத்தைக் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் நிறுத்துவார்கள். துகள்கற்றை வருவதற்குச் சற்று முன் பிஸ்டன் நகர்ந்து அழுத்தத்தைத் தணிக்கும். அப்போது திரவம் கொதிக்க வேண்டிய நிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். அந்நேரம் ஊடுருவும் துகள் வழிநெடுகச் சிந்தும் ஆற்றலால் அதன் தடத்தில் குமிழிகள் முளைக்கும். அவை கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்ததும் விளக்கு மின்ன, பல கோணங்களில் வைத்த கேமராக்கள் படம் எடுக்கும். உடனே அழுத்தத்தைக் கூட்டி, அறையை அடுத்த கற்றைக்கு ஆயத்தமாக்குவார்கள்.

அறையைச் சூழ்ந்த காந்தப்புலம் தடங்களை வளைக்கும். எப்பக்கம் வளைகிறது என்பதிலிருந்து மின்னூட்டம் நேரா எதிரா என்பதும், எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து உந்தமும் தெரியவரும். மின்னூட்டமற்ற துகள் தடம் விடாது. அது சிதைந்து பிறக்கும் துகள்களின் தடங்களைக் கொண்டே அதை அறிய வேண்டும்.

வளர்ச்சி

அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலர் லூயிஸ் ஆல்வாரெஸ் திரவ ஹைட்ரஜனைத் தேர்ந்தார். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒற்றைப் புரோட்டான் என்பதால் மோதலைக் குழப்பமின்றிக் கணக்கிட முடிந்தது. இலக்கும் பதிவுக்கருவியும் ஒன்றாகவே அமைந்தன. சில சென்டிமீட்டரில் தொடங்கிய அறை, 1959இல் 72 அங்குலமாக வளர்ந்தது. சுமார் −246 பாகை செல்சியஸில் வைத்த ஹைட்ரஜனைக் கையாள்வது ஆபத்தான பணி. 1965இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் எலக்ட்ரான் முடுக்கியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் உயிரிழப்பும் நேர்ந்தது.

லட்சக்கணக்கில் குவிந்த படங்களைப் படிப்பதே பெரும்பணியானது. பல ஆய்வகங்களில் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். திரையில் விழும் ஒவ்வொரு படத்திலும் தடங்களைப் பின்தொடர்ந்து, அரிய நிகழ்வுகளைப் பிரித்தெடுத்து அளந்தவர்கள் அவர்களே. அந்த அளவீடுகளைக் கணினிகள் துகள்களின் நிறையாகவும் ஆற்றலாகவும் மாற்றின. ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் அரிதாகவே இடம்பெற்ற இவர்களின் கூர்மையும் பொறுமையும் இல்லாமல் குமிழி அறையின் கண்டுபிடிப்புகள் இல்லை.

முக்கியக் கண்டுபிடிப்புகள்

குறுகிய ஆயுள் கொண்ட பல துகள்நிலைகளைக் கண்டறிந்ததற்காக ஆல்வாரெஸ் 1968இல் நோபல் பரிசு பெற்றார். 1964இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் 80 அங்குல அறையில் எடுத்த சுமார் ஒரு லட்சம் படங்களுக்கிடையே ஒமேகா மைனஸ் துகள் அகப்பட்டது. மரே ஜெல்-மான் முன்கூட்டியே கணித்த துகள் அது. துகள்களை அவர் வகைப்படுத்திய முறை இதனால் உறுதிப்பட்டது. குவார்க் கொள்கை அந்த வகைப்பாட்டிலிருந்தே எழுந்தது.

நியூட்ரினோக்களை ஆராய பிரெஞ்சு இயற்பியலர் ஆந்த்ரே லகாரிக் தலைமையில் கார்கமெல் அறை கட்டப்பட்டது. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நிறுவப்பட்ட இதில் ஃப்ரீயான் திரவம் நிரப்பப்பட்டது. நியூட்ரினோ தடம் விடாது. எனவே திரவத்தின் நடுவே தானாகத் தொடங்கியதுபோல் தெரிந்த ஒற்றை எலக்ட்ரானின் தடம், கண்ணுக்குப் புலப்படாத நியூட்ரினோ ஒன்று அதைத் தள்ளிச் சென்றதற்குச் சான்றானது. கார்கமெல் படங்களைக் கொண்டு 1973இல் நடுநிலை ஓட்டங்கள், அதாவது மின்னூட்டம் கைமாறாமல் மெல்விசை செயல்படும் நிகழ்வுகள், அறிவிக்கப்பட்டன. மின்காந்த விசையையும் மெல்விசையையும் இணைக்கும் கொள்கைக்கு அது வலுவான ஆதாரமாயிற்று.

வீழ்ச்சியும் மறுபயன்பாடும்

நிகழ்வை முழுமையாகக் காட்டுவது குமிழி அறையின் பலம். தேர்ந்து பதிவு செய்ய இயலாதது அதன் குறை. மோதல் நிகழ்ந்ததை அறிந்தபின் அழுத்தத்தைக் குறைத்துப் பயனில்லை. அதற்குள் வாய்ப்பு கடந்துவிடும். ஆகவே எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றில் தேடியது இருக்காது. 1968இல் செர்னில் ஜார்ஜ் ஷார்பாக் உருவாக்கிய பலகம்பி அறை, துகளின் இடத்தை நேரடியாக மின்குறிப்பாகத் தந்தது. வேண்டிய நிகழ்வை அக்கணமே தேர்ந்து கணினிக்கு அனுப்ப முடிந்தது. எதிரெதிர்க் கற்றைகள் மோதும் முடுக்கிகளுக்கும் குமிழி அறை பொருந்தவில்லை. செர்னின் பெரிய ஐரோப்பிய குமிழி அறை, சுமார் 63 லட்சம் படங்கள் தந்தபின் 1984இல் ஓய்வு பெற்றது.

முடுக்கிகளை விட்டு நீங்கிய இக்கருவி கரும்பொருள் தேடலில் மீண்டும் பயன்படுகிறது. கனடாவின் சட்பரி சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே, பிக்கோ குழுவினர் குமிழி அறைகளை இயக்குகின்றனர். எலக்ட்ரான்கள் குமிழி எழுப்பாதபடியும், கரும்பொருள் துகள் மோதித் தள்ளுவது போலத் தள்ளுண்ட அணுக்கரு மட்டுமே குமிழி எழுப்பும்படியும் வெப்பமும் அழுத்தமும் அமைக்கப்படுகின்றன. குமிழி எழும் ஒலியையும் பதிவுசெய்து, ஆல்ஃபா துகள்களால் எழுந்தவற்றை விலக்குகின்றனர். முன்பு எதையும் ஒதுக்க முடியாமல் பின்தங்கிய கருவி, வேண்டாதவற்றை ஒதுக்கும் திறனுக்காகவே இன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது.